வேலையும் விலையும்: நம்ம கணக்கு எங்கே இருக்கு?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



கொஞ்ச நாளாகக் குழுக் கூட்டங்களில் தீர்மான நோட்டைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். உள்கடன் எதற்கு என்று எழுதும் இடத்தில் "குடும்பச் செலவு" என்ற வார்த்தைதான் அதிகமாகக் கண்ணில் படுகிறது. என்ன குடும்பச் செலவு என்று கேட்டால் இரண்டே பதில்தான். ஒன்று, "பையனுக்கு வேலை நின்னுபோச்சு". இன்னொன்று, "விலைவாசி கட்டுபடியாகல". ஒரு குழுவில் ஒரு அக்கா என்னிடம் நேராகவே கேட்டார்: "டிவியில விலைவாசி குறைஞ்சிருச்சுங்கிறான், வேலையில்லாத ஆளு குறைஞ்சிருச்சுங்கிறான். எங்க ஊர்ல ரெண்டும் குறையல. அப்ப பொய் சொல்றது யாரு, அவனா நானா?"

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அவர்கள் கேட்ட கேள்வி வேறு, அக்கா கேட்ட கேள்வி வேறு. அதை இன்றைக்குக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். கணக்கு என்றதும் பயந்துவிடாதீர்கள். வட்டிக் கணக்கை விரல் நுனியில் வைத்திருக்கிற உங்களுக்கு இது ஒன்றும் பெரிசில்லை.

முதலில் வேலை.

நாட்டில் வேலையில்லாதவர் எத்தனை பேர் என்று மத்தியப் புள்ளியியல் துறை 2017-லிருந்து தொடர்ந்து ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. எல்லா வீட்டுக்கும் வரமாட்டார்கள். சில ஊர்களை, சில வீடுகளைத் தேர்ந்தெடுத்துக் கேட்பார்கள். 2017-18-ல் வேலையில்லாதவர் நூற்றுக்கு 6.1 என்று வந்தது. 2023-24-ல் 3.2 என்று வந்தது. பாதியாகக் குறைந்த மாதிரி தெரிகிறது, இல்லையா? இப்போது இந்த நூறு பேர் யார் என்று பார்க்க வேண்டும். நாட்டில் உள்ள எல்லாரும் அந்த நூறில் இல்லை. வேலை செய்கிறவர்களும், வேலை கிடைத்தால் போகத் தயாராக இருந்து வேலை கிடைக்காதவர்களும் மட்டும்தான் அதில் சேர்த்தி. "நான் வேலை தேடவும் இல்லை, போகவும் இல்லை" என்பவர் கணக்குக்கு வெளியே போய்விடுவார்.

அடுத்தது, வேலை செய்கிறவர் என்றால் யார்? இதைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். இந்தக் கணக்கில் இரண்டு முறை உண்டு. ஒரு முறையில் கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே வேலையில் இருப்பவர்தான். ஆமாம், ஒரே ஒரு மணி நேரம். மற்ற முறையில் கடந்த ஒரு வருடத்தைப் பார்ப்பார்கள். அதில் பெரும்பகுதி நாள் சும்மா இருந்தாலும், 30 நாளாவது ஏதோ ஒரு வேலை பார்த்திருந்தால் வேலையில் இருப்பவர் என்று எழுதிவிடலாம். நான் சொன்ன 6.1, 3.2 இரண்டும் இந்த இரண்டாவது முறையில் வந்தவை.

களை எடுக்க வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் கூப்பிடும் காலத்தில், மீதி ஆறு நாள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே, அந்த வாரம் நாம் வேலையில்லாதவர் இல்லை. வேலையில் இருப்பவர். இதை ஏமாற்று வேலை என்று நான் சொல்லமாட்டேன். பல நாடுகளில் இப்படித்தான் எண்ணுகிறார்கள். ஆனால் அந்த எண்ணிக்கை சொல்வது "வேலை கிடைத்ததா" என்பதை மட்டும்தான். "போதுமான வேலை கிடைத்ததா, கூலி கிடைத்ததா" என்பதை அது சொல்லாது.

பெண்கள் கணக்குக்கு வருவோம். 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலை செய்கிறவர்களும் வேலை தேடுகிறவர்களும் சேர்ந்து 2017-18-ல் நூற்றுக்கு 23.3 பேர். 2023-24-ல் 41.7 பேர். பெரிய ஏற்றம். பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டார்கள். இவர்கள் எல்லாம் ஆபீஸுக்கும் கம்பெனிக்கும் போனார்களா என்று பார்த்தால், இல்லை. கிராமத்தில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு 70-க்கு மேல் "சுயதொழில்". அந்தச் சுயதொழிலுக்குள்ளே ஒரு பிரிவு இருக்கிறது. குடும்பத்துத் தோட்டத்திலோ கடையிலோ கூலி வாங்காமல் உதவி செய்கிறவர். நாட்டில் வேலை செய்யும் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தப் பிரிவுதான். புருஷன் தோட்டத்தில் தக்காளி பறித்து, கூடையில் அடுக்கி, வண்டியில் ஏற்றிவிட்டு, காசை மட்டும் கண்ணால் பார்க்காதவர் யார் யார் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம், எனக்கே தெரியும்.

இதில் இன்னொரு விஷயம். கேள்வி கேட்க வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் போடுவார்கள். கூலியில்லாமல் குடும்பத் தொழிலில் உதவுகிறவருக்கு 21. வீட்டு வேலை மட்டும் பார்ப்பவருக்கு 92. வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, வீட்டுத் தேவைக்குத் துணி தைப்பது மாதிரி வேலைகளும் செய்தால் 93. இதில் 21 போட்டால் வேலை செய்கிறவர் கணக்கு. 92-ம் 93-ம் கணக்குக்கு வெளியே. ஒரே பெண்மணிதான். அவர் சொல்கிற பதிலைப் பொறுத்து எண் மாறிவிடும். நம்ம ஊரில் "என்ன வேலைம்மா பார்க்கிறீங்க" என்றால் நாம் என்ன சொல்வோம்? "வேலைக்கெல்லாம் போகல, வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்போம். நாலு மாடு கறந்து சொசைட்டிக்கு ஊற்றுகிறவர் சொல்கிற பதில் இது! சொசைட்டி நோட்டு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். எண்ணும் அவருக்கே போய்விடும்.

மக்கள் தொகைக் கணக்கெடுப்பும் வரப்போகிறது. 2027 பிப்ரவரியில் ஆட்களைக் கணக்கெடுப்பதாக அரசு அறிவித்திருக்கிறது. அது எல்லா வீட்டுக்கும் வரும். 2001 கணக்கெடுப்பிலேயே, வீட்டுத் தேவைக்கு மட்டும் பால் கறப்பவரையும் வேலை செய்பவராகச் சேர்க்கலாம் என்று விதி இருந்தது. கேட்கிறவருக்கே அது ஞாபகம் இல்லாமல் போகலாம். அதனால் "சும்மா இருக்கேன்" என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிடுங்கள். மாடு வளர்க்கிறேன், பூக் கட்டுகிறேன், இத்தனை மாதம் கூலிக்குப் போகிறேன் என்று செய்வதைச் சொல்லுங்கள். வீட்டில் ஆண்கள் பதில் சொன்னாலும் பக்கத்தில் நின்று திருத்துங்கள். நாளைக்கு எந்த ஊருக்கு என்ன திட்டம், பெண்களுக்கு என்ன பயிற்சி என்று முடிவெடுக்கும்போது இந்த எண்களைத்தான் வைத்துப் பார்ப்பார்கள்.

படித்த பிள்ளைகள் விஷயம் வேறு. 15 முதல் 29 வயதுக்குள் இருப்பவர்களில் வேலையில்லாதவர் 2023-24-ல் நூற்றுக்கு 10.2. மொத்தக் கணக்கைப்போல மூன்று மடங்கு. படிப்பு ஏற ஏற இந்த எண்ணிக்கையும் ஏறுகிறது. "படிக்க வச்சதுதான் தப்பு" என்று சில அம்மாமார்கள் சொல்கிறீர்கள். அப்படி இல்லை. படிக்காத பிள்ளை கிடைத்த வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் அடுப்பு எரியாது. அதனால் அவன் வேலையில்லாதவர் கணக்கிலேயே வருவதில்லை. பி.காம். படித்த பெண், படிப்புக்கேற்ற வேலை வரட்டும் என்று ஒரு வருடம் காத்திருக்கிறாள். காத்திருப்பதற்கும் வீட்டில் கொஞ்சம் வசதி வேண்டும். காத்திருந்து அலுத்துப்போய் தேடுவதை விட்டுவிட்டால் அவளும் கணக்கிலிருந்து காணாமல் போய்விடுவாள். கல்யாணம் ஆனால் 92.

வேலை ஏன் திடீரென்று நிற்கிறது என்பதற்கு நம்ம பக்கத்து உதாரணமே இருக்கிறது. வேடசந்தூர் சுற்றி எத்தனை நூல் மில், எத்தனை மில் வேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2022 மே மாதம் பஞ்சு விலை ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் போனது. பஞ்சு ஏறியதும் நூல் ஏறியது. நூல் ஏறியதும் பனியன் கம்பெனிக்காரர்களுக்குக் கட்டவில்லை. மே 16, 17 இரண்டு நாள் திருப்பூரில் கம்பெனிகளை மூடிப் போராட்டம் நடத்தினார்கள். பனியன் கம்பெனி நூல் வாங்கவில்லை என்றால் மில் ஷிப்ட் குறையும். ஷிப்ட் குறைந்தால் நம்ம பிள்ளைகளை "சொல்லி அனுப்புறோம்" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். விலை ஏறியதால் வேலை போனது. மூன்று வருடம் கழித்து, 2025 ஆகஸ்டில், இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரை வரி போட்டது. திருப்பூர் பனியனில் ஒரு நல்ல பங்கை வாங்குகிறவர்கள் அவர்கள். இந்தத் தடவை பஞ்சு விலை காரணமில்லை. ஆனாலும் பல கம்பெனிகளில் ஆர்டர் குறைந்து, ஷிப்டும் குறைந்தது. வீட்டுக்கு வந்த பிள்ளை மறுநாளே அம்மாவோடு மாட்டைப் பிடித்துக்கொண்டு போனால், அவள் வேலையில் இருப்பவள்தான்! சம்பளம் போய்விட்டது, எண்ணிக்கையில் மட்டும் வேலை இருக்கிறது. நான் முதலில் சொன்ன அந்த அக்காவுக்கு இதுதான் பாதி பதில்.

மீதிப் பாதி விலைவாசி.

டிவியில் "பணவீக்கம் குறைந்தது" என்கிறார்கள். பணவீக்கம் குறைந்தால் விலை குறைந்தது என்று அர்த்தம் இல்லை. நம்ம பாஷையில் சொல்கிறேன். நீங்கள் 10,000 ரூபாய் கடன் வாங்கியிருக்கிறீர்கள், அசலும் கட்டவில்லை, வட்டியும் கட்டவில்லை. இரண்டு வட்டியாக இருந்ததை ஒரு வட்டியாகக் குறைத்தால் உங்கள் கடன் குறைந்துவிடுமா? ஏறுகிற வேகம்தான் குறையும். கடன் ஏறிக்கொண்டேதான் இருக்கும். பணவீக்கமும் அப்படித்தான்.

2025 அக்டோபரில் நாட்டின் பணவீக்கம் 0.25 சதவீதம் என்று வந்தது. அப்படியென்றால் 2024 அக்டோபரில் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் ஒரு வருடம் கழித்து 100 ரூபாய் 25 காசு. ஏற்கனவே பல வருடமாக ஏறி நின்ற விலை அப்படியே நிற்கிறது. அதிலும் எல்லாச் சாமானும் ஒரே மாதிரி நிற்கவில்லை. காய்கறி விலை முந்தின வருடத்தைவிட நன்றாக இறங்கியிருந்தது. அது மற்ற விலையேற்றங்களை மறைத்துவிட்டது. காய்கறி இறங்கினால் நமக்கு லாபமா? கடையில் வாங்குகிறவருக்கு லாபம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்குகிறவருக்கு? 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது நாடே அழுதது. பணவீக்கம் 7.44 சதவீதம் ஆனது. பறிப்புக் கூலி கட்டாமல் தக்காளியை ரோட்டோரம் கொட்டிய நாட்களில் யாரும் அழவில்லை, அய்யலூர்க்காரர்களைத் தவிர. நம்மில் பாதிப் பேர் காலையில் விற்பவர், சாயங்காலம் வாங்குபவர். அதனால் விலை ஏறினாலும் அடி, இறங்கினாலும் அடி.

கேஸ் சிலிண்டரைப் பாருங்கள். சென்னை விலையைச் சொல்கிறேன், நம்ம ஊருக்குக் கொஞ்சம் கூடும். 2023 மார்ச்சில் 1118 ரூபாய் 50 காசு. ஆகஸ்ட் கடைசியில் 200 குறைத்தார்கள். 2024 மார்ச்சில் இன்னும் 100 குறைத்து 818 ரூபாய் 50 காசு. 2025 ஏப்ரலில் 50 ஏற்றினார்கள். இங்கே உண்மையிலேயே விலை இறங்கியது. இப்படி இறங்குவது அபூர்வம். அதனால்தான் உதாரணத்துக்குச் சொல்கிறேன்.

சரி, விலை ஏறட்டும், கூலியும் சேர்ந்து ஏறினால் கவலையில்லை. ஏறியதா? நூறு நாள் வேலையையே எடுத்துக்கொள்வோம். 2006 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஆறு மாவட்டங்களில்தான் முதலில் தொடங்கினார்கள். நம்ம திண்டுக்கல் அதில் ஒன்று. அப்போது நாள் கூலி 80 ரூபாய். 2025-26-ல் 336 ரூபாய். நாலு மடங்குக்கு மேல். நல்ல ஏற்றம்தானே என்று தோன்றும். ஆனால் நடுவில் எப்படி ஏறியது என்று பாருங்கள். 2017-ல் 203 ரூபாய் 205 ஆனது. இரண்டு ரூபாய் ஏற்றம்! ஒரு டீக்குக்கூட ஆகாது. 2022-ல் 273 ரூபாய் 281 ஆனது, 8 ரூபாய். அதே 2022 மே மாதம்தான் சென்னையில் சிலிண்டர் ஆயிரத்தைத் தாண்டியது.

ஏன் இப்படி? இந்தக் கூலியை வருடா வருடம் ஏற்றுவதற்கு விவசாயக் கூலித் தொழிலாளர் விலைக் குறியீடு என்று ஒன்றைப் பார்த்தார்கள். அதற்கு 2025 வரைக்கும் 1986-87-ஐ அடிப்படை வருடமாக வைத்திருந்தார்கள். அதிலுள்ள சாமான் பட்டியல் 1983-ல் கிராமத்துக் கூலிக்காரர் என்ன வாங்கினார் என்று எடுத்தது. அன்றைக்கு ஏது செல்போன் ரீசார்ஜ், ஏது பள்ளிக்கூட வேன் பீஸ்? பட்டியலில் சாப்பாட்டுச் சாமான்தான் முக்கால்வாசிக்கு நெருக்கம். நம்ம செலவு மாறிவிட்டது, பட்டியல் மாறவில்லை. நாற்பது வருடத்துப் பழைய துணியில் அளவெடுத்து இன்றைக்குச் சட்டை தைத்த கதை. 2025-ல்தான் 2019-ஐ அடிப்படையாக வைத்துப் புதிய பட்டியல் போட்டார்கள். அதே 2025 டிசம்பரில் நூறு நாள் சட்டத்துக்குப் பதிலாக வேறொரு சட்டத்தையும் பாராளுமன்றம் நிறைவேற்றிவிட்டது. 125 நாள் என்கிறார்கள். செலவில் மாநிலம் 40 பங்கு போட வேண்டும். விதைப்பு, அறுப்புக் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம். அதைப்பற்றி ஒரு முழுக் கூட்டம் போட்டுத்தான் பேச வேண்டும்.

பவுன் கணக்கையும் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். 2006-ல் பவுன் 6,000, 7,000 ரூபாய். நூறு நாள் வேலை முழுக்கக் கிடைத்தால் 8,000 ரூபாய். ஒரு பவுன் வாங்கிவிட்டுப் பிள்ளைக்குப் பாவாடை சட்டையும் எடுக்கலாம். 2025 அக்டோபரில் பவுன் 90,000-ஐத் தாண்டியது. நூறு நாள் கூலி 33,600. மூன்று கிராமுக்குக்கூடச் சரியாக வராது. பவுனை மட்டும் வைத்து எல்லாவற்றையும் அளக்கக்கூடாது என்பது என் கருத்து. 2011-லிருந்து ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அந்த மிச்சத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் பெண்ணுக்குக் கல்யாணம் என்று வந்தால் மாப்பிள்ளை வீட்டார் பவுனில்தான் பேசுகிறார்கள், அரிசியில் பேசுவதில்லை. வரதட்சணை பற்றி நம் கூட்டமைப்பு போட்ட தீர்மானம் நோட்டிலேயே இருக்கிறது என்பதையும் இந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன்.

ரிசர்வ் வங்கி பற்றி இரண்டு வார்த்தை. விலை 4 சதவீதத்துக்குப் பக்கத்தில்தான் ஏற வேண்டும், 6-ஐத் தாண்டக்கூடாது என்று அதற்குப் பொறுப்புக் கொடுத்திருக்கிறார்கள். விலை ஓடினால் அது வட்டியை ஏற்றும். 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் 4-லிருந்து 6.5 ஆக்கியது. குழுவில் உள்கடன் வட்டியை ஏற்றினால் கடன் கேட்பவர் குறைவார்கள் அல்லவா, அதே கதைதான். கடன் குறைந்தால் செலவு குறையும், விலை அடங்கும். ஆனால் புதிய மில்லும் கடையும் தொடங்குவதும் தள்ளிப்போகும், வேலையும் தள்ளிப்போகும். விலை அடங்கிய பிறகு 2025-ல் படிப்படியாக இறக்கினார்கள்.

இப்போது நம் குழுவுக்கு வருகிறேன். இன்றைக்கு நான் வந்ததே இதற்குத்தான்.

நம்முடைய ஒரு குழுவில் 2006-ல் மாதச் சேமிப்பு 50 ரூபாய். அன்றைய நூறு நாள் கூலியில் அது அரை நாளுக்கு மேல். அதே குழுவில் இன்றைக்கு 100 ரூபாய். இரண்டு மடங்கு ஆக்கிவிட்டோம் என்று பெருமையாகச் சொன்னார்கள். 336 ரூபாய் கூலியில் 100 ரூபாய் என்பது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ரூபாயில் ஏறியிருக்கிறது, உழைப்பில் இறங்கியிருக்கிறது. சொந்தச் சேமிப்பு இப்படிச் சுருங்கினால், அவசரத்துக்கு 10,000 ரூபாய் வேண்டும் என்றால் குழுவில் இருக்காது. வாரத் தவணைக்காரரிடம்தான் போக வேண்டும். மில் ஷிப்ட் நின்றாலும் அவர் தவணை நிற்காது. ஷிப்ட் நின்ற வாரமே வாசலில் வந்து உட்காருவார்.

வங்கிச் சேமிப்புக் கணக்கில் தூங்கும் பணமும் இப்படித்தான் கரைகிறது. வருடத்துக்கு இரண்டரை, மூன்று சதவீதம் வட்டி தருகிறார்கள். விலை 6 சதவீதம் ஏறும் வருடத்தில் 10,000 ரூபாய் 10,300 ஆகும். ஆனால் அதே சாமானை வாங்க 10,600 வேண்டும். பெட்டியில் சும்மா வைத்தால் இன்னும் மோசம். சுழல்நிதி வாங்கிய பணத்தை ஆறு மாதமாகக் கணக்கிலேயே வைத்திருக்கும் குழுக்கள் இங்கே இருக்கின்றன. பெயர் சொல்லமாட்டேன். உறுப்பினர் வெளியில் கடன் வாங்கிக்கொண்டிருக்கும்போது குழுப் பணம் வங்கியில் தூங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சேமிப்பை எவ்வளவு ஆக்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். நூறு கட்டவே தடுமாறும் உறுப்பினர் ஒவ்வொரு குழுவிலும் இருக்கிறார். அவரை வெளியேற்றிவிட்டுச் சேமிப்பை ஏற்றுவதில் அர்த்தமில்லை. முடிந்தவர் கூடுதலாகக் கட்டும் விருப்பச் சேமிப்பு வைக்கலாமா, வேலை நிறையக் கிடைக்கும் மாதத்தில் மட்டும் கூட்டிக் கட்டலாமா என்று நீங்களே பேசி முடிவெடுங்கள். கடன் கொடுக்கும்போதும், வீட்டில் யாருக்கு மாதம் எத்தனை நாள் வேலை இருக்கிறது என்று கேட்டுத் தவணையைப் பிரியுங்கள். வேலை நின்ற வீட்டுக்கு இரண்டு மாதம் வட்டி மட்டும் வாங்கிக்கொண்டு அசலைத் தள்ளி வைக்க நம் விதியிலேயே இடம் இருக்கிறது.

இதற்கெல்லாம் நம்மிடம் நம்ம ஊர்க் கணக்கு வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் படிக்கத் தெரிந்த ஒரு தங்கை, 40 பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளட்டும். மாதம் பிறந்தால் 5-ஆம் தேதிக்குள், ஒரே கடையில், ஒரே அளவில் விலை கேட்டு எழுத வேண்டும். துவரம் பருப்பு, கடலை எண்ணெய், சர்க்கரை, தக்காளி, வெங்காயம், முட்டை, சிலிண்டர், மாட்டுத் தீவனம் ஒரு மூட்டை, செல் ரீசார்ஜ், பள்ளிக்கூட வேன். இந்தப் பத்தும் போதும். மாதா மாதம் கடையை மாற்றினால் கணக்குக் கெட்டுவிடும். எதிர்ப் பக்கத்தில் ஒவ்வொரு உறுப்பினர் வீட்டிலும் அந்த மாதம் எத்தனை நாள் கூலி வேலை கிடைத்தது, என்ன கூலி என்று எழுதுங்கள். பெண் கூலி தனி, ஆண் கூலி தனி. மில்லிலிருந்து திரும்பி வந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்பதையும் ஒரு வரி.

ஆறு மாதம் எழுதினால் கிராம சபையில் எழுந்து நின்று, எங்கள் ஊரில் பெண்களுக்கு மாதம் இத்தனை நாள்தான் வேலை கிடைக்கிறது என்று நோட்டைக் காட்டிப் பேசலாம். தீர்மானத்தில் அந்த எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பேசியதோடு விட்டுவிட்டால் பதிவாகாது.

முதல் மாத நோட்டை அடுத்த பிரதிநிதிகள் கூட்டத்துக்கு வரும்போது மறக்காமல் கொண்டுவாருங்கள். வேடசந்தூர் பக்கத்து விலையையும் ஒட்டன்சத்திரத்து விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.